க்வாய் பாலம் படம்: நம்ம ஆளுங்க செத்த சயாம் ரயில் இதுதானா?

கடலூர்_ஓடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய் படத்த இப்பதான் முழுசா பாத்து முடிச்சேன். 1957 படம், டேவிட் லீன் டைரக்‌ஷன், ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு கிட்ட ஓடுது, ஆனா ஒரு இடத்துலயும் போன எடுத்து பாக்க தோணல. ரெண்டு விஷயம் மட்டும் மண்டைய கொடையுது, இங்க தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்கறேன்.

மொதல்ல ஜப்பான்காரன்கிட்ட கைதியா மாட்டின அந்த பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன். ஆபீசருங்க கூலி வேலை செய்யமாட்டாங்கன்னு ஜெனீவா ஒப்பந்தத்த கையில வெச்சிகிட்டு சட்டம் பேசறாரு, ஜப்பான் காம்பு தலைவன் சைட்டோ அந்த புக்காலயே மூஞ்சில அடிக்கறான், தகர கூண்டுக்குள்ள போட்டு வெயில்ல வேக வைக்கறான், அப்பவும் அசையல. சரி, மனுஷன்னா இப்படி இருக்கணும்னு நெனச்சா, ஜெயிச்சு வெளிய வந்ததும் எதிரிக்கு பாலத்த அவனுங்கள விட நல்லா கட்டித்தரேன்னு எறங்கிட்டாரு. கடைசில நாள் பத்தலன்னு அதே ஆபீசருங்கள மம்முட்டி புடிக்க வெக்கறாரு, ஆஸ்பத்திரி குடிசையில படுத்திருக்கவனையும் எழுப்பி கூட்டிட்டு போறாரு. அப்ப அந்த கூண்டுல வெந்தது எதுக்கு? இந்த ஆளு ஹீரோவா லூசா?

ரெண்டாவது எங்க வீட்டு விஷயம். எங்க தாத்தாவுக்கு கூடப்பொறந்த அண்ணன் ஒருத்தர், பண்ருட்டி பக்கத்துல ஒரு கிராமம், நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்கு போனவரு. "ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட புடிச்சிட்டு போயிட்டான், அப்புறம் ஆளும் வரல லெட்டரும் வரல"ன்னு ஆயா சொல்லும், அதுக்கு மேல அதுக்கும் தெரியாது. படத்துலயும் சயாம் (இப்ப தாய்லாந்து), ரயில், ஜப்பான்காரன்னு எல்லாம் வருது. ரெண்டும் ஒரே லைனா? ஒரே லைன்னா படத்துல மொத்தமும் வெள்ளக்காரனுங்களா இருக்கானுங்களே, நம்ம ஆளுங்க எங்க போனாங்க?

---

மிஷன்வீதி:

நிக்கல்சன் லூசு இல்ல தலைவா, அதான் படத்தோட பயங்கரமே. அவருக்கு சட்டம் முக்கியம்னு நீங்க நெனச்சீங்க, அவருக்கு முக்கியம் ஒழுங்கு. கூண்டுல இருந்து வெளிய வந்து பாக்கறாரு, பசங்க வேலைல சொதப்பிகிட்டு, ஏமாத்திகிட்டு, பட்டாளம் மாதிரியே இல்லாம கெடக்கறானுங்க. இவனுங்கள திரும்ப பட்டாளமா ஆக்கணும், அதுக்கு ஒரு வேலை வேணும், அந்த வேலை எதிரியோட பாலமா இருந்தா என்னன்னு ஆரம்பிக்கறாரு. அப்புறம் பாலம் அவர முழுங்கிடுது. நம்ம ஊர்ல ரிட்டையர் ஆகப்போற ஹெட்மாஸ்டர் கடைசி வருஷத்துல ஒரு காம்பவுண்ட் சுவராவது கட்டி பேர பொறிச்சிட்டு போகணும்னு ஒத்த கால்ல நிப்பாரு பாருங்க, அதே நோய்தான். கடைசில பாலத்துல ஒரு பலகைய அடிக்கறாரு, இது பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் கட்டினதுன்னு, கீழ தன் பேரோட, கவனிச்சீங்களா?

அதுக்கு முன்னாடி சாயங்கால வெளிச்சத்துல பாலத்து மேல சைட்டோவோட நிப்பாரே அந்த சீன் எனக்கு ரொம்ப புடிக்கும். நாளைக்கு நான் சர்வீஸ்ல சேந்து 28 வருஷம், அதுல வீட்ல இருந்தது மொத்தமா பத்து மாசம் கூட இருக்காதுன்னு சொல்லுவாரு, இந்தியாவ ரொம்ப புடிக்கும்னும் ஒரு வரி வரும், எல்லாம் சேத்து பாத்தா நம்ம வாழ்க்கை எதுக்காவது ஆச்சான்னு யோசிக்கற மாதிரி பேசிகிட்டே இருக்கும்போது கையில இருக்கற பிரம்பு தவறி ஆத்துல விழும். நிக்கல்சனா வர்ற அலெக் கின்னஸ் பெருசா ஒண்ணுமே பண்ணமாட்டாரு அந்த சீன்ல, கீழ பாப்பாரு, அவ்ளோதான். கூண்டுல இருந்து வெளிய விட்டதும் தள்ளாடி நடப்பாரே, அந்த நடைக்கு அவரு பாத்து எடுத்தது போலியோ வந்து தேறிகிட்டிருந்த தன் பையனோட நடையத்தான். இவ்ளோ நடிச்ச மனுஷன் பேர டைட்டில்ல ஸ்பெல்லிங் தப்பா போட்டானுங்க, ஒரு 'என்' எழுத்து கொறச்சு.

சைட்டோவா வர்ற சேஷூ ஹயாகவாவையும் விட்டுடாதீங்க, மௌனப்பட காலத்துல ஹாலிவுட்ல பெரிய ஸ்டார். தோத்துட்டோம்னு தெரிஞ்சு, 1905-ல ரஷ்யாவ ஜெயிச்ச நாள் இன்னைக்கு, அதனால மன்னிச்சு விடறேன்னு ஒரு சாக்கு சொல்லி ஆபீசருங்கள விட்டுட்டு தனியா ரூம்ல போய் அழுவான். ஜெயிலர் கைதிகிட்ட தோத்து அழற மாதிரி 1957-ல ஒரு இங்கிலீஷ் படம் எடுத்தது சாதாரண விஷயம் இல்ல.

ஏழு ஆஸ்கார் வாங்கிச்சு. அதுலயும் ஒரு கூத்து இருக்கு. திரைக்கதைக்கான ஆஸ்கார் நாவல் எழுதின பியர் பூலுக்கு போச்சு, அந்தாளு பிரெஞ்சுக்காரரு, திரைக்கதைய எழுதவே இல்ல. எழுதினது கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன்னு ரெண்டு பேர், கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி ஹாலிவுட்ல கறுப்புப் பட்டியல்ல போட்டதால பேர் போட முடியல. பல வருஷம் கழிச்சு அவங்க ரெண்டு பேரும் செத்தப்புறம் கூப்ட்டு குடுத்தாங்க.

பாண்டிக்காரங்களுக்கு ஒரு கொசுறு. இந்த பூல் மலாயாவுல ரப்பர் தோட்டத்துல வேலை பாத்தவரு. யுத்தம் வந்ததும் சிங்கப்பூர்ல ஹிட்லர எதிர்த்த டி கோல் பக்கம் சேந்துட்டாரு, நம்ம புதுச்சேரியும் 1940 செப்டம்பர்லயே டி கோல் பக்கம் போயிடுச்சு இல்லையா, அந்த வழிதான். அப்புறம் இந்தோசீனாவுக்குள்ள உளவு வேலைக்கு போயி ஜெர்மன்காரனோட ஒத்துப்போன விஷி அரசாங்கத்து பிரெஞ்சுக்காரனுங்க கிட்டயே மாட்டி, ஆயுள் தண்டனை வாங்கி, 1944-ல தப்பிச்சாரு. எதிரிக்கு ஒழுங்கு மரியாதையா வேலை செஞ்சு குடுத்த ஆபீசருங்கள நேர்ல பாத்தவரு. நிக்கல்சன் பொறந்தது அங்கதான், தாய்லாந்து காட்டுல இல்ல.

உங்க ரெண்டாவது கேள்விக்கு நம்ம பால்வெட்டு ஐயா வரட்டும்.

---

சில்வர்பீச்_பையன்:

படம் தரம். ஆனா ப்ரோ, படத்த படமா பாருங்க. எத பாத்தாலும் நம்மாளு எங்க நம்மாளு எங்கன்னு தேடினா ஒரு படமும் நிம்மதியா பாக்க முடியாது. இது பிரிட்டிஷ் கைதிங்க கதை, அதுல பிரிட்டிஷ்காரன்தான் இருப்பான்.

---

பால்வெட்டு:

தம்பி கடலூர்_ஓடி, ஒரே லைன்தான். உங்க பெரிய தாத்தாவ புடிச்சிட்டு போனதும் படத்துல வர்றதும் ஒண்ணுதான். தாய்லாந்துல பான் போங்ல ஆரம்பிச்சு பர்மாவுல தன்பியூசாயத் வரைக்கும் 415 கிலோமீட்டர். 1942 நடுவுல தொடங்கி 1943 அக்டோபர்ல ரெண்டு முனையும் சேத்துட்டானுங்க, ஒன்றரை வருஷம் கூட ஆகல. பர்மாவுல இருந்த பட்டாளத்துக்கு கடல் வழியா சாமான் அனுப்பினா நேச நாட்டு சப்மரின் அடிக்குதுன்னு காட்டு வழியா ரயில் போட்டானுங்க. தண்டவாளம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, மலாயாவுல கிழக்குக்கரை லைன பேத்து எடுத்துட்டு போனதும் அதுல உண்டு.

நான் பொறந்தது மலாயாவுல, பேராக்ல ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்துல. அங்க நடந்த 69 இனக் கலவரத்துக்கு அப்புறம் ஒர்க் பெர்மிட் பிரச்சனையில அப்பா எங்கள கூட்டிகிட்டு நெல்லிக்குப்பம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துட்டாரு. எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) சாயங்காலம் ஆனா பெருசுங்க பேசற பேச்சு ஜப்பான்காரன் காலம்தான், அதுல பாதி சயாம். அதனால எனக்கு இது படிச்சு தெரிஞ்ச விஷயம் இல்ல, அப்புறம் படிச்சும் பாத்தேன்.

வெள்ளக்கார கைதிங்க, பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியா, கொஞ்சம் அமெரிக்கா எல்லாம் சேத்து 60,000 பேருக்கு மேல. செத்தது 12,000-க்கு மேல. ஆசியா கூலிங்க, தமிழர், பர்மாக்காரர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர்னு ரெண்டு லட்சத்துக்கு கிட்ட. அதுல செத்தது 90,000 வரைக்கும் இருக்கும்னு மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏன்னா எவனும் எண்ணல. மலாயாவுல இருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல போனாங்க, முக்காவாசி தோட்டத்து தமிழங்க.

முதல்ல ஆசை காட்டினானுங்க. நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு உண்டு, கொஞ்ச மாசத்துல திரும்பிடலாம். தோட்டம் வேற யுத்தத்துல மூடி கெடக்கு, தொரைங்க ஓடிட்டாங்க, அரிசி இல்ல, மரவள்ளிக்கெழங்கு தின்னுகிட்டு கெடந்த சனம், கொஞ்சம் பேர் போனாங்க. போனவங்க திரும்பலன்னதும் யாரும் வரல. அப்புறம் ஆள் புடிக்க ஆரம்பிச்சானுங்க. தோட்டத்துக்கு இத்தனை தலைன்னு கங்காணிகிட்டயும் கிராணிகிட்டயும் (தோட்டத்து கிளார்க்) கேட்டு வாங்கினது ஒரு வகை. இன்னொரு வகை கேளுங்க, சில்வர்பீச் தம்பியும் கேக்கட்டும். ஓசியில சினிமா காட்டறோம்னு கூப்பிட்டு, கொட்டகை நெறஞ்சதும் கதவ பூட்டி, ஆம்பளைங்கள அப்படியே லாரில ஏத்தி ரயிலுக்கு கொண்டு போன சம்பவம் பதிவாகி இருக்கு. படம் பாக்க போனவன் சயாம் போனான்.

காம்புல நடந்ததுதான் பெரிய கொடுமை. கைதிங்க எவ்ளோ கஷ்டப்பட்டாலும் ஒரு பட்டாளமா இருந்தாங்க. கூட ஆபீசர் உண்டு, பட்டாளத்து டாக்டருங்க உண்டு, தண்ணிய காய்ச்சாம குடிச்சா தண்டனை, கக்கூசு எங்க வெட்டணும்னு ஒரு முறை உண்டு. நம்ம சனத்துக்கு ஒண்ணும் கெடையாது. மூங்கில் கொட்டகை, கூரை ஒழுகும், ஆத்து தண்ணிய அப்படியே குடிச்சாங்க, சில பேர் பொண்டாட்டி புள்ளைங்களோட வேற போயிருந்தாங்க. 1943 மழைக்காலத்துல சீக்கிரம் முடிக்கணும்னு வெறி புடிச்சு வேலை வாங்கின நேரம், காலரா வந்துச்சு. பர்மா எல்லைய ஒட்டி நீக்கே, சொங்குராய் பக்கத்து காம்புங்கள்ல மொத்த மொத்தமா செத்தாங்க. ஒரே குழியில போட்டும் மண்ண மூடினான், எரிச்சும் வுட்டான். சிங்கப்பூர் சாங்கியில இருந்த கைதி டாக்டருங்கள ஒரு கூட்டம் கூலிங்களுக்குன்னு பின்னாடி அனுப்பினான், அதுக்குள்ள எல்லாம் கைமீறி போச்சு.

மிஷன்வீதி சொன்ன அந்த பலகையில பிரிட்டிஷ் ராணுவம் கட்டினதுன்னு எழுதி இருக்குல்ல. படம் பாக்கற உலகமே அதைத்தான் நம்பிட்டு போகுது. அந்த லைன்ல மண்ணு வெட்டி கொட்டினதுல பெரும்பகுதி யாருன்னு தெரிஞ்சா எனக்கு ஏன் அந்த எடத்துல கை தட்ட வரலன்னு புரியும்.

---

மிஷன்வீதி:

ஐயா, முழுசா ஒத்துக்கறேன், ஒரு விஷயம் தவிர. அந்த பலகைய டேவிட் லீன் பெருமைக்கு வெக்கல, நிக்கல்சனோட பைத்தியத்த காட்ட வெச்சாரு. படம் ரயில்வே பத்தினது இல்ல, ஒரு மனுஷனோட கர்வம் பத்தினது. க்ளைமாக்ஸ்ல நான் என்ன பண்ணிட்டேன்னு கேட்டுட்டு அந்த ஆளு விழறது வெடிக்கற மெஷின் மேலயே. டாக்டர் க்ளிப்டன் பைத்தியம் பைத்தியம்னு கத்திகிட்டு ஓடறாரு.

இன்னொண்ணு, வெள்ளக்கார கைதிங்களுக்கே இந்த படம் ஆகல. நெஜத்துல அந்த பாலம் கட்டின தாமர்க்கான் காம்புல இருந்த சீனியர் ஆபீசர் கர்னல் பிலிப் டூசி. நிக்கல்சனுக்கு நேர் எதிர். முடிஞ்ச அளவு வேலைய இழுத்தடிச்சு, மரத்துக்கு கரையான் புடிச்சிட்டு வந்து வுட்டு, அதே நேரம் பசங்க அடி வாங்காம பாத்துகிட்டவரு. அவர்கூட இருந்தவங்க படத்த பாத்துட்டு கொதிச்சு போனாங்க, எங்க கர்னல துரோகி மாதிரி காட்டிட்டானேன்னு. சைட்டோன்னு நெஜமாவே ஒரு ஆள் அந்த காம்புல இருந்தாரு, படத்துல மாதிரி இல்ல, ஓரளவு நியாயமான ஆளு. யுத்தம் முடிஞ்சு டூசியே அவருக்காக பேசி தண்டனைல இருந்து காப்பாத்தினாரு. டூசி செத்து பல வருஷம் கழிச்சு சைட்டோ இங்கிலாந்து போயி சமாதிய பாத்துட்டு வந்தாரு.

ஜப்பான்காரனுக்கும் ஆகல. எங்களுக்கு பாலம் கட்டத் தெரியாது, வெள்ளக்காரன் வந்து சொல்லிக் குடுத்தானாம்னு அவங்களுக்கு கடுப்பு, அதுவும் நியாயம்தான், அந்த லைன் முழுக்க ஜப்பான் இன்ஜினியருங்க பிளான்தான்.

---

சில்வர்பீச்_பையன்:

சினிமா கொட்டகை மேட்டர் எனக்கு தெரியாது ஐயா. ஷாக்கா இருக்கு.

ஆனா ஒரு டவுட்டு. சிங்கப்பூர்ல இந்திய சோல்ஜருங்களும் சரண்டர் ஆனாங்களே, அவங்க கூட இந்த ரயில்ல இல்லையா? கைதின்னா அவங்களும் கைதிதானே?

---

பால்வெட்டு:

நல்ல கேள்வி. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு. ரெண்டு நாள்ல ஃபேரர் பார்க் மைதானத்துல இந்திய சிப்பாய்ங்கள தனியா பிரிச்சு ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சாங்க, 40,000 பேருக்கு மேல. அங்கேயே இந்திய தேசிய ராணுவத்துல சேர சொல்லி கேட்டாங்க, நெறைய பேர் சேந்தாங்க. சேரமாட்டேன்னு நின்னவங்கள்ல பல பேர நியூ கினி, நியூ பிரிட்டன்னு தீவுங்களுக்கு கூலிப்படையா அனுப்பிட்டான், அங்க அவங்க பட்டது தனி கதை. சயாம் ரயிலுக்கு வெள்ளக்கார கைதி, தோட்டத்து கூலி, இந்த ரெண்டும்தான் முக்கியம். அதனால படத்துல இந்திய சிப்பாய் இல்லாதது சரி. கூலி இல்லாதது சரி இல்ல. அந்த காட்டுல எந்த பக்கம் திரும்பினாலும் அவங்கதானே இருந்தாங்க, கேமரா எப்படி தப்பிச்சு எடுத்துச்சோ.

---

லாஸ்பேட்டை_லதா:

கேமரா அங்க போகவே இல்ல ஐயா, படம் எடுத்தது இலங்கையில, கித்துல்கலன்னு ஊரு, களனி ஆறு. இப்ப அங்க ரப்பர் போட்ல ஆத்துல போற ராஃப்டிங்தான் பேமஸ், பாலத்தோட காங்கிரீட் அடிக்கட்டை மட்டும் ஆத்தோரம் இருக்கும். படத்துக்குன்னு நெஜமாவே மரப்பாலம் கட்டி, நெஜ ரயில ஓட்டி வெடிச்சாங்க. மொத தடவை ஒரு கேமராமேன் பத்திரமான எடத்துக்கு போயிட்டேன்னு சிக்னல் குடுக்கல, அதனால வெடிக்கல, ரயில் தன்பாட்டுக்கு பாலத்த தாண்டி போயி அந்த பக்கம் ஜெனரேட்டர்ல முட்டிச்சாம். மறுபடி இழுத்துட்டு வந்து தண்டவாளத்துல ஏத்தி எடுத்தாங்க.

நான் காஞ்சனபுரி போயிருக்கேன், வீட்டுக்காரர் கம்பெனி வேலையா பாங்காக் போனப்ப கூட போனது. தோன்புரி ஸ்டேஷன்ல காலைல ரயில், ஃபேன் மட்டும் ஓடற பெட்டி, மூணு மணி நேரத்துக்கு உள்ள போயிடலாம். படத்த பாத்துட்டு போனா மொதல்ல ஏமாத்தமாதான் இருக்கும். மூங்கில் பாலம் மரப்பாலம்லாம் இல்ல, இரும்புப் பாலம், கறுப்பு கலர். வளைவா இருக்கற இரும்பு எல்லாம் பழசு, ஜாவாவுல இருந்து கழட்டி கொண்டு வந்தது. நடுவுல ரெண்டு மட்டும் நேர் கோடா இருக்கும், 1945 குண்டு வீச்சுல போனதுக்கு பதிலா யுத்தத்துக்கு அப்புறம் மாட்டினது. படத்துல கமாண்டோ வந்து வெடிக்கறான், நெஜத்துல விமானம் வந்துதான் ஒடைச்சுது. பூல் எழுதின நாவல்ல பாலம் விழவே விழாதாம், அது வேற.

இன்னொரு காமெடி, அந்த பாலம் கீழ ஓடினது க்வாய் ஆறே இல்ல. மே க்ளோங் ஆறு. லைன் ரொம்ப தூரம் க்வாய் ஓரமா போறதால பூல் எழுதும்போது பாலமும் அது மேலதான்னு எழுதிட்டாரு. படம் ஹிட்டாகி டூரிஸ்ட்டுங்க வந்து க்வாய் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சதும் தாய்லாந்துக்காரங்க அந்த ஆத்து பேரையே மாத்திட்டாங்க.

ஊருக்குள்ள யுத்த கல்லறை இருக்கு, கிட்டத்தட்ட 7,000 பேரு, புல்ல ஒரே மட்டமா வெட்டி, ஒவ்வொரு தலைமாட்டுலயும் பித்தளை மாதிரி ஒரு தகடு, பேரு, வயசு, ரெஜிமென்ட், வீட்டுக்காரங்க எழுதின ஒரு வரி. 21, 23, 24னு வயசு. அழுகை வந்துச்சு எனக்கு, பொய் சொல்லல. ஆனா ஒரு தமிழ் பேராவது இருக்கான்னு வரிசை வரிசையா போனேன், இல்ல. பாலத்துக்கு பக்கத்துல ஜப்பான்காரன் 1944-லயே செத்தவங்களுக்குன்னு ஒரு நினைவுத்தூண் கட்டி இருக்கான். அதை சுத்தி பல மொழியில கல்வெட்டு, அதுல தமிழும் உண்டு. அங்க நின்னு தமிழ் எழுத்த பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொன்னவனே கல்லும் நட்டிருக்கான், வெள்ளக்காரன் படத்துல அது கூட இல்ல. ஊருக்குள்ள வாட் தாவோர்ன்னு ஒரு புத்தர் கோயில், கூலிங்களோட எலும்பு அங்கதான் இருக்குன்னாங்க, டூரிஸ்ட் பஸ் எதுவும் அங்க நிக்கல. பாலத்தாண்ட பனியன் விக்கறவன், பொம்மை ரயில் விக்கறவன், ஐஸ்கிரீம் விக்கறவன்னு திருவிழா கூட்டம்.

போறவங்க ரயில்ல கடைசி ஸ்டேஷன் நாம் டோக் வரைக்கும் போங்க. நடுவுல தாம் க்ரசேன்னு ஒரு எடம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, மரக்கட்டை மேலயே ரயில் ஊர்ந்து போகும். ஜன்னல்ல கைய நீட்டினா பாறைய தொடலாம். அந்த மரச்சட்டத்த தூக்கி நிறுத்தினது யாருன்னு அங்க உக்காந்து யோசிச்சா படத்துல பாத்தது எல்லாம் மறந்துடும்.

---

கடலூர்_ஓடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. ஆயாகிட்ட படிச்சு காட்டினேன், ஓசி சினிமா கதைக்கு "எங்க ஊட்டு ஆளும் அப்படித்தான் போயிருக்கும், கூத்து சினிமான்னா உசுரு"ன்னு சொல்லிச்சு. அது சரியா தப்பான்னு யாருக்கு தெரியும்.

ஐயா, பேரு எங்கயாவது பதிஞ்சிருப்பாங்களா? தேட முடியுமா?

---

பால்வெட்டு:

தம்பி, நேரா சொல்லிடறேன், செத்த கூலிங்களுக்கு பேர் பட்டியல்னு ஒண்ணு இல்ல. சிப்பாய்ங்களுக்கு யுத்த கல்லறை ஆணையத்துகிட்ட பேர், நம்பர் எல்லாம் உண்டு, இன்டர்நெட்லயே தேடலாம். காஞ்சனபுரி கல்லறைக்கு எதிர்ல இருக்கற மியூசியம் கைதிங்க குடும்பத்துக்கு எந்த காம்புல இருந்தாருன்னு தேடி குடுக்கறாங்க. நம்ம ஆளுக்கு அந்த வசதி கெடையாது.

அதனால நீங்க சயாம்ல தேடாதீங்க, மலாயாவுல தேடுங்க. மொதல்ல தோட்டத்து பேரு வேணும். ஆயாகிட்ட பேராக்கா, சிலாங்கூரா, கெடாவா, ஜொகூரான்னு கேளுங்க, பேரே தெரியலன்னாலும் தோட்டத்துக்கு தமிழ்ல ஒரு பட்டப்பேரு இருந்திருக்கும், அத சொல்லுவாங்க. கூலிங்க போறத 1938-ல இந்திய சர்க்கார் நிறுத்திடுச்சு, அதனால உங்க பெரிய தாத்தா பெரும்பாலும் அதுக்கு முன்னாடி போனவராதான் இருப்பாரு. கங்காணி யாரு, எந்த ஊர் கங்காணின்னு கேளுங்க, நம்ம தென்னாற்காடு ஜில்லாவுல ஒரே ஊர்ல இருந்து ஒரே கங்காணி மூலமா ஒரே தோட்டத்துக்கு கூட்டமா போயிருப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரன் வழியா கூட துப்பு கெடைக்கும். பழைய பொட்டியில மணியார்டர் கூப்பன், லெட்டர் கவர் ஏதாவது இருந்தா தபால் முத்திரைய பாருங்க, ஊர் பேரு அதுல இருக்கும். 1942-க்கு அப்புறம் தபாலே நின்னு போச்சு, அதனால அதுக்கு முந்துனதுதான் இருக்கும்.

தோட்டம் தெரிஞ்சா மலேசியாவுல சயாம் ரயில் குடும்பங்களுக்குன்னே வேலை செய்யற ஆளுங்க இருக்காங்க, திரும்பி வந்தவங்ககிட்ட வாக்குமூலம் வாங்கி பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. அந்த தோட்டத்துல இருந்து போனவங்க பத்தி யாராவது சொல்லி இருந்தா கெடைக்க வாய்ப்பு உண்டு. தனியா மெசேஜ் போடுங்க, நம்பர் தரேன்.

---

சில்வர்பீச்_பையன்:

ஐயா நான் சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா இந்த கதைய யாராவது தமிழ்ல படமா எடுத்தா மொத ஷோ நான்தான். பாலம் ஒண்ணும் வெடிக்க வேணாம்.

---

மிஷன்வீதி:

எடுத்தா காலரா காம்பு சீன எவன் தைரியமா எடுப்பான்னு பாக்கணும், ஒரு குத்துப்பாட்டு போட்டு கெடுத்துடாம இருந்தா சரி.

யூரோப் காம்பு படங்கள பாத்துட்டு இத பாத்தா ஒரு வித்தியாசம் தெரியும். தி உடன் ஹார்ஸ், தி கோல்டிட்ஸ் ஸ்டோரின்னு 50கள்ல பிரிட்டிஷ்காரன் வரிசையா எடுத்தான், எல்லாத்துலயும் தப்பிக்கறதுதான் கதை, சுரங்கம் தோண்டறது, வேஷம் போடறது, கிட்டத்தட்ட கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஜாலியா போகும். அங்க வேலி தாண்டினா ஊரு, ரயில், எல்லாரும் வெள்ளைத் தோலு, கலந்துக்கலாம். க்வாய்ல சைட்டோ மொத நாளே சொல்லிடுவான், இங்க வேலியே கெடையாது, காடுதான் வேலின்னு. அதனாலதான் அந்த படத்துல கதை மனசுக்குள்ள போகுது. ஐயா, தோட்டத்து ஆளுங்க காட்டுல தப்பிச்சு ஓடினது உண்டா?

---

பால்வெட்டு:

நெறைய. ஆயிரக்கணக்குல ஓடினாங்க. தாய்லாந்து கிராமத்துல தங்கிட்டவங்க உண்டு, நடந்தே கீழ வந்தவங்க உண்டு, காட்டுலயே செத்தவங்கதான் அதிகம். எங்க லயத்துல ஒரு பெரியவர் இருந்தாரு, கால்ல முழங்காலுக்கு கீழ பெரிய குழி, காட்டுப்புண்ணு வந்து ஆறினது, மூங்கில் கீறினா அந்த காட்டுல அப்படித்தான் அழுகும். சின்ன புள்ளைங்க நாங்க அந்த குழில விரல வெச்சு பாப்போம், அவரு சிரிச்சுகிட்டே காட்டுவாரு. எப்படி திரும்பி வந்தீங்கன்னு கேட்டா மட்டும் எழுந்து போயிடுவாரு.

---

மிஷன்வீதி:

எங்க செட்டு பசங்க அடுத்த மாசம் முத்தியால்பேட்டையில ஒரு மாடில இந்த படத்த போடலாம்னு இருக்கோம், ஒரு முப்பது பேர் உக்காரலாம். ஐயா நெல்லிக்குப்பத்துல இருந்து வரமுடிஞ்சா படம் முடிஞ்சதும் ஒரு அரை மணி நேரம் பேசுங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து நான் வண்டில கூட்டிட்டு வரேன். லதா அக்கா அந்த தூண் கல்வெட்டு போட்டோ இருந்தா கொண்டாங்க.

---

லாஸ்பேட்டை_லதா:

போட்டோ இருக்கு, தமிழ் கல்வெட்டு மட்டும் வெயில் பட்டு பளபளன்னு விழுந்திருக்கு, பெருசு பண்ணா படிக்கலாம்னு நெனைக்கறேன். பசங்க சப்டைட்டில் தமிழ்ல இருக்கான்னு பாருங்க, எங்க மாமியாரும் வரேங்கறாங்க.

---

பால்வெட்டு:

வரேன் தம்பி. ஞாயித்துக்கிழமைன்னா நல்லது. ஒரு கண்டிசன், அரை மணி நேரம் படத்துக்கு முன்னாடி குடுங்க, பின்னாடி வேணாம். படத்துல கைதிங்க ஊதற அந்த விசில் பாட்ட கேட்டுட்டு எல்லாரும் அத ஊதிகிட்டே எறங்கி போயிடுவீங்க.